கழற்றிய டேம்பனர், அணைத்த கற்பூரம்

புதுச் சாமான் போடச் சொல்லி வருகிறவர் மெக்கானிக்கைப் பிழைக்க வைக்கிறார். இருப்பதைக் கழற்றச் சொல்லி வருகிறவர் ரத்தக்கொதிப்பை ஏற்றுகிறார். கிரீஸ் கையோடு சோறு தின்னும் உங்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. மஸ்கட்டிலிருந்து திரும்பி நான் சித்தூரில் ஷெட் போட்ட புதிதில் நடந்தது இது.

எதுக்கு அது?

மாம்பழக் கூழ் ஆலை சூப்பர்வைசர் முனிரத்தினம், சென்னையில் வாங்கிய பழைய காரைக் கொண்டுவந்தார். ஒரே பெட்ரோல் நாற்றம். பானெட்டைத் திறந்தேன். இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் போகும் குழாயின் முனையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு டப்பா இருக்கும். அதுதான் டேம்பனர். துடித்துத் துடித்து வரும் பெட்ரோலை உள்ளே உள்ள சவ்வு வாங்கிச் சமப்படுத்தும். அந்தச் சவ்வு கிழிந்து கசிந்துகொண்டிருந்தது. அதே சாமானை வரவழைத்து மாற்றும்வரை ஓட்டாதீர்கள் என்றேன். ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குத் திருமலையில் மொட்டையாம். குடும்பமே அந்தக் காரில்தான் மலை ஏறப்போகிறதாம்.

"கயட்டிப் போட்டாலும் வண்டி ஓடும்ல? அப்பறம் அது எதுக்கு நைனா?"

பெங்களூர் மாப்பிள்ளை

மறுநாள் அவருடைய மாப்பிள்ளை போன் செய்தார். பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. இன்டர்நெட்டில் எல்லோரும் அதைக் கழற்றிவிடுகிறார்களாம். இல்லையென்றால் ரேஸ் காருக்குப் போடும் பெரியதை மாட்டினால் பிக்கப் எகிறுமாம். பிக்கப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கம்பெனி வைத்ததே போதும் என்று தமிழில் சொன்னேன், தெலுங்கில் கத்தினேன். இரண்டு மொழியில் படித்துப் படித்துச் சொல்லியும் பிரயோசனமில்லை.

"அங்கிள், நீங்க அந்தக் காலத்து ஆளு."

போல்ட்டு

சனிக்கிழமை முனிரத்தினம் என் ஷெட் வாசலில் வந்து ஹாரன் அடித்தார். வேறொரு ஷெட்டில் டேம்பனரைக் கழற்றி, ஓட்டையை ஒரு போல்ட்டால் அடைத்து, சுற்றிலும் பசையை அப்பியிருந்தார்கள். நின்ற இடத்திலேயே இன்ஜின் நடுங்கியது. பசையின் ஓரம் ஈரம். தொட்டு அவர் மூக்கருகில் நீட்டினேன். சாவியைப் பிடுங்கப் போனேன். சிரித்துக்கொண்டே ரிவர்ஸ் எடுத்தார்.

"ஏமி காது நைனா, ஒண்ணும் ஆவாது. மலைமேல இருக்கறவரு பாத்துக்குவாரு."

கற்பூரம்

ஞாயிறு காலை என் ஷெட்டுக்கு எதிரே உள்ள பிள்ளையார் கோயிலில் காருக்குப் பூஜை. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம், உள்ளே தாய் மடியில் குழந்தை. இன்ஜினுக்கும் ஆரத்தி காட்ட வேண்டுமென்று பானெட்டைத் தூக்கி, எரிகிற கற்பூரத் தட்டோடு குனிகிறார் முனிரத்தினம்! டீ கிளாஸைப் போட்டுவிட்டு ஓடினேன். தட்டைப் பிடுங்கி ஊதி அணைத்தேன். சாமி காரியத்தில் நெருப்பை ஊதி அணைத்தவனை அவருடைய மனைவி மண்ணை வாரித் தூற்றினார். மொதல்ல கொழந்தைய எறக்குங்க என்று அவரைவிட உரக்கக் கத்தினேன். இந்தமுறை சாவியைப் பிடுங்கியேவிட்டேன். பஸ்ஸில் போனார்கள்.

சென்னையிலிருந்து சாமான் வந்தது, மாட்டினேன். காரை எடுக்க வந்த முனிரத்தினம் குழாயைத் தடவி விரலை மோந்து பார்த்தார். வாசனையே இல்லை. பிரசாதப் பையை நீட்டினார்.

"லட்டு துன்னு நைனா. வேலை சுத்தம். ஆனா கற்பூரத்த ஊதன பாரு, அது தப்பு."

உயிரைக் காப்பாற்றினால் நம் தொழிலில் கிடைப்பது ஒரு லட்டு, அதையும் குற்றவாளியாக நின்றுதான் தின்ன வேண்டும்.