தலை நுழையாத கழுத்து

அனுப்பர்பாளையத்தில் தங்கதுரை நடத்தும் பனியன் கம்பெனியில் சாம்பிள் பிரிவு சண்முகப்பிரியாவின் பொறுப்பு. பதவிசான பெண் என்று பேர் வாங்கியவள். அந்தப் பேரே அவளுக்குப் பெரிய தொல்லையாகிவிட்டது.

ஒருவர் தப்பை நாலு பேர் முன்னால் போட்டு உடைப்பது நம் பக்கத்து வழக்கமில்லை. தனியாகக் கூப்பிட்டு, காபி கொடுத்து, பக்குவமாகச் சொல்ல வேண்டும். டென்மார்க்கில் உட்கார்ந்து டிசைன் போட்டு இவர்களுக்கு ஆர்டர் அனுப்பும் கிர்ஸ்டனுக்கு எங்கிருந்து காபி கொடுப்பது?

போன சீசனில் இந்த மரியாதையே வேட்டு வைத்தது. கிர்ஸ்டன் அனுப்பிய பேன்ட்டில் இடுப்பளவு தப்பு என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். "நேரம் பாத்துச் சொல்லிக்கலாம்" என்றார் தங்கதுரை. நேரம் வரவேயில்லை. யாரும் வாய் திறக்காததால் எல்லாம் சரி என்றே நினைத்துக்கொண்டாள் கிர்ஸ்டன். தைத்த சரக்கு தேங்கி, தையல் லைன் நின்றது. வேலையில்லாமல் வீட்டுக்குப் போகும்போது தையல்காரி முத்தாயி சண்முகப்பிரியாவிடம் கேட்டாள்: "நீங்க ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்லீங்க?"

இப்போது குழந்தைகளின் ஸ்வெட்ஷர்ட். கிர்ஸ்டன் கொடுத்த அளவில் கழுத்து சின்னது, தலை நுழையாது. மறுநாள் துணி கட்டிங். வீடியோ காலில் கிர்ஸ்டன், தன் ஆட்கள் சூழ, அடுத்த விஷயத்துக்குப் போகலாமா என்று கேட்டாள். சண்முகப்பிரியா பேச வாயெடுத்ததும் தங்கதுரை மைக்கை அணைத்தார்.

"அம்மணி, அத்தன பேரு முன்னாடி அந்தம்மாளத் தல குனிய வெக்கோணுமா? அப்பறமா மெயில் போட்டுக்கலாம்."

"இல்லீங்ணா. இப்பவே சொல்லோணுங்க. லைன்ல இருக்கறவங்க மறுக்கா ஊட்ல உக்கார முடியாதுங்க."

மைக்கைத் திறந்து, தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டாள். சாம்பிளின் கழுத்தை இழுத்து டேப் வைத்தும் காட்டினாள். கிர்ஸ்டன் உற்றுப் பார்த்துவிட்டு, "ஆமாம், என் தப்பு. மாற்றி அனுப்புகிறேன்" என்றாள். அவ்வளவுதான்! இதற்காகவா இத்தனை நாள் செத்துப் பிழைத்தோம் என்று சண்முகப்பிரியாவுக்கு ஆத்திரமே வந்தது.

"எனக்குத் தெரியாதது வேறு ஏதாவது இருக்கிறதா?" என்றாள் கிர்ஸ்டன்.

இருந்தது. கழுத்தில் தைத்திருந்த, இழுத்தால் விரிய வேண்டிய ரிப் துணி கிர்ஸ்டன் ஒப்புக்கொண்ட துணியே அல்ல. அது கிடைக்கவில்லை என்று தங்கதுரை சத்தமில்லாமல் வேறொன்றை வாங்கிப் போட்டிருந்தார். இந்தத் துணி சரியாக இழுபடாது. கழுத்தைப் பெரிதாக்கினாலும் பாதிக் கோளாறு அப்படியே நிற்கும். தங்கதுரை வேண்டாம் என்று கண்ணைக் காட்டினார். அடுத்தவள் தப்பைச் சொல்ல வந்த தைரியம், தங்கள் தப்பு என்றதும் நழுவப் பார்த்தது. சண்முகப்பிரியா விடவில்லை. துணி மாறியதை ஒளிவுமறைவில்லாமல் சொன்னாள்.

"இந்தத் துணியைப் பற்றி எனக்கு நிறையக் கேட்க வேண்டும்" என்றாள் கிர்ஸ்டன். தங்கதுரை நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போனார். சண்முகப்பிரியா நகர்ந்து அந்த நாற்காலியில், கேமராவுக்கு நேராக உட்கார்ந்தாள்.

"கேளுங்க, சொல்றேன்" என்று தமிழில் தொடங்கிவிட்டு, ஆங்கிலத்தில் திரும்பச் சொன்னாள்.