வளையம் தெரியுதா?

1

தொலைநோக்கியின் லென்ஸிலிருந்து கண்ணை எடுத்துவிட்டு அந்த அம்மா சொன்னார்: "ஒண்ணுமே தெரியலையே சார். இருட்டாத்தான் இருக்கு."

சுற்றி நின்ற பிள்ளைகள் குபீரென்று சிரித்துவிட்டார்கள். அவருக்கு முன்னால் பார்த்த எல்லோரும் "சூப்பர் சார்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். எச்.எம். "அடடா!" என்று கையே தட்டியிருந்தார். நான் கடுகடுப்பாக, "நல்லா உத்துப் பாருங்கம்மா, தெரியும்" என்றேன். அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது.

2

தொலைநோக்கியை வேனில் ஏற்றிக்கொண்டு அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துப் பள்ளிக்கூடங்களுக்குப் போய்ப் பிள்ளைகளுக்கு வானத்தைக் காட்டுவது என் வேலை. பதினாறு வருஷமாகச் செய்கிறேன். மழை குறைந்த சீமை என்று ஊரெல்லாம் புலம்பும். மேகம் இல்லாத வானம் எனக்கு மட்டும் லாபம். ஆனால் நிம்மதி என்பது கிடையாது. ஏழு மணிக்குக் கூட்டம் சேரும், எட்டரைக்கு டவுன் பஸ். அதற்குள் எண்பது பிள்ளைகள் பார்த்து முடிக்க வேண்டும். நடுவில் தூத்துக்குடி ரோட்டு லாரி ஒன்று திரும்பி வெளிச்சத்தை அடித்தால் போச்சு, இருட்டுக்குப் பழகின கண் மறுபடி பழகப் பத்து நிமிஷம் ஆகும். எனக்கோ இயல்பிலேயே கால் ஓரிடத்தில் நிற்காது.

எங்களுடையது கையால் தள்ளித் திருப்பும் தொலைநோக்கி. மோட்டார் கிடையாது. பூமி சுற்றிக்கொண்டே இருப்பதால், சனிக் கோளைச் சரியாக நடுவில் நிறுத்தினாலும் ஒரு நிமிஷத்தில் ஓரத்துக்கு நழுவி வெளியே போய்விடும். இரண்டு பேருக்கு ஒரு தடவை குனிந்து பார்த்து மெல்லத் தள்ளிவிட வேண்டும். இந்த வேலையில் பாதி அதுதான்.

அந்தச் சம்பவம் நடந்தது புரட்டாசி மாதம். பந்தல்குடிப் பக்கத்துப் பள்ளிக்கூட மைதானம். பிளஸ் ஒன் படிக்கும் கவிதாவை மதுரையில் நடக்கும் பத்து நாள் வானியல் முகாமுக்குத் தேர்ந்தெடுத்திருந்தோம். பெற்றோர் கையெழுத்துப் போட்ட படிவத்தை மறுநாள் காலையில் நான் கொண்டுபோய்க் கொடுத்தாக வேண்டும். அவள் அம்மா நாகம்மா விசைத்தறியில் வேலை பார்ப்பவர். வீட்டில் தெலுங்கு, வெளியில் நம் ஊர்த் தமிழ். ஷிப்ட் முடிந்து நேரே மைதானத்துக்கு வந்து நின்றார்.

"பொட்டப்பிள்ளைய இருட்டுல வரச்சொல்லி அப்படி என்னத்தத்தான் காட்டுறீகன்னு பாத்துட்டுத்தான் சார் கையெழுத்துப் போடுவேன்" என்று சொல்லிவிட்டு வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

மேற்கே மேகம் ஏறிக்கொண்டிருந்தது. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. பார்த்து முடித்தவர்களைச் சும்மா நிறுத்துவானேன் என்று மைதானத்தின் மறுகோடிக்கு இழுத்துக்கொண்டு போய்த் துருவ நட்சத்திரத்தைத் தேட வைத்தேன். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து பத்து டிகிரி உயரம்கூட இருக்காது. கையை நீட்டி விரல்களை மடக்கி அடிவானத்தில் வைத்தால், அந்த முட்டியின் உயரம்தான். முக்கால்வாசி இடங்களில் சீமைக்கருவேலம் மறைத்துவிடும்.

அங்கிருந்தபடியே தொலைநோக்கிப் பக்கம் குரல் கொடுத்தேன்: "வளையம் தெரியுதா?"

"தெரியுது சார்!"

"அடுத்த ஆளு! வளையம் தெரியுதா?"

"தெரியுது சார்!"

நான் திரும்பி ஓடி வந்தபோது நாகம்மாவின் முறை.

3

உற்றுப் பார்க்கச் சொன்ன பிறகும் அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். நான் குனிந்து பார்த்தேன். வெறும் கறுப்பு. சனி எப்போதோ நழுவிப் போயிருந்தது.

யாருக்கும் தெரியாமல் ஒரு தள்ளு தள்ளிவிட்டு "இப்பப் பாருங்க" என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். உண்மையைச் சொன்னால், கை தள்ளவே தள்ளிவிட்டது.

"சார், இப்ப என்னமோ தள்ளுனீகளே?" என்றார் நாகம்மா.

அதற்கு மேல் மறைக்க முடியவில்லை. "ஆமாம்மா. கோள் நழுவிப் போயிருச்சு, நான் கவனிக்கலை. நீங்க சொன்னதுதான் சரி."

சிரிப்பு நின்றது. எச்.எம். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். நாகம்மா மகளைப் பார்த்துத் திரும்பினார்.

"ஏண்டி, எனக்கு முந்தி நின்ன நீ சூப்பருன்னியே, என்னத்தப் பாத்த?"

கவிதாவுக்கு அழுகை வந்துவிட்டது. "ஒண்ணும் தெரியலம்மா. எல்லாரும் தெரியுதுன்னாக. எனக்கு மட்டும் தெரியலைன்னா முகாமுக்கு வேண்டாம்னு சொல்லிருவாகளோன்னு பயந்துட்டேன்."

நாகம்மா கையிலிருந்த படிவத்தை நாலாக மடித்தார். "தறியில இழை அறுந்தா உடனே நிறுத்திச் சொல்லணும் சார். பாக்காத மாதிரி ஓட்டுனா அம்புட்டுத் துணியும் பாழு. இங்கயே இப்படிப் பொய் சொல்றவ மதுரைக்குப் போயி என்னத்தப் படிக்கப் போறா?"

"தப்பு அவ மேல இல்லைம்மா. வளையம் தெரியுதான்னு கேட்டது நான். வாத்தியார் அப்படிக் கேட்டா எந்தப் பிள்ளை இல்லைன்னு சொல்லும்?" சொல்லும்போதுதான் எனக்கே அது உறைத்தது.

"அப்ப வேற மாதிரி கேளுங்க" என்றார்.

மேகம் பாதி வானத்தை எட்டியிருந்தது. அவசர அவசரமாகச் சனியைத் தேடிப் பிடித்து நடுவில் நிறுத்தினேன். கவிதா கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்தாள்.

"என்ன தெரியுது?"

அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள். வளையம், நிறம் என்று எடுத்துக் கொடுக்க நாக்குத் துறுதுறுத்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மஞ்சளா இருக்கு. வளையம் கொஞ்சம் சாஞ்சாப்புல இருக்கு. கோளுக்கும் வளையத்துக்கும் நடுவுல இருட்டா சந்து இருக்கு." குனிந்தபடியே கேட்டாள்: "தள்ளி ஒரு சின்னப் புள்ளி இருக்கு சார். அது என்னது?"

அது டைட்டன், சனியின் பெரிய நிலா. அன்று அதுவரை நான் அதைப் பற்றி யாரிடமும் வாயே திறக்கவில்லை.

"தள்ளு" என்று மகளை விலக்கிவிட்டு நாகம்மா குனிந்தார். சனி ஓரத்துக்குப் போகும்வரை கண்ணை எடுக்கவே இல்லை. "ஆமா. புள்ளி இருக்கு" என்றார்.

வேன் பானெட்டில் படிவத்தை விரித்து, மடிப்பை நீவிவிட்டுக் கையெழுத்துப் போட்டார். மகளிடம் சொன்னது எனக்கும் சேர்த்துத்தான்: "தெரியாதத தெரியுதுன்னு நீ சொன்னதா கேள்விப்பட்டேன்னா, பாதியில வந்து கூட்டிட்டு வந்துருவேன்."

சந்தோஷம் தாங்காமல் எனக்குக் கண் கலங்கியது.

4

புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். "தெரியுதா?" என்று கேட்காதீர்கள். "என்ன தெரியுது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு நில்லுங்கள். நிற்பது கஷ்டம். எனக்கு இன்னும் சரியாக வரவில்லை.

போன வாரம் எம்.ரெட்டியபட்டியில் கேட்டேன். முதலில் நின்ற சின்னப் பிள்ளையே யோசிக்காமல் சொன்னாள்: "ஒண்ணும் தெரியல சார்."

தொலைநோக்கிக் குழாயின் மூடியைக் கழற்ற நான் மறந்தே போயிருந்தேன்.