என் மனைவியின் கல்வெட்டுக்கு மூன்று மதிப்பீட்டாளர்கள்

ஒக்டோபர் 4. அதிகாலையில் மனைவி வேலணையிலுள்ள எமது வீட்டில் காலமானார்.
ஒக்டோபர் 5. பிற்பகல் தகனம்.
ஒக்டோபர் 11. எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவு. முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அச்சிடுவதென உறவினர் தீர்மானித்தனர். எழுதும் பொறுப்பு எனக்கு.
ஒக்டோபர் 14. முதற் பிரதி உறவினரின் வாட்ஸ்அப் குழுவில் இடப்பட்டது. அன்றே ஆட்சேபங்கள் வந்தன.
ஒக்டோபர் 16. சகமதிப்பீட்டு முறை கைக்கொள்ளப்பட்டது.
ஒக்டோபர் 27. அச்சகம் விதித்த இறுதி நாள்.
நவம்பர் 3. முப்பத்தோராம் நாள் வீட்டுக்கிருத்தியம். கல்வெட்டு வழங்கப்பட்டது.

நடந்தவை இவ்வளவே. நடந்த விதத்துக்குச் சற்றுக் கூடுதலான இடம் வேண்டும்.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால், முப்பத்தோராம் நாள் உணவுக்கு வருபவர்கள் கையில் ஒரு சிறு நூல் கொடுக்கப்படும். பளபளப்பான தாளில் அச்சிடப்படும் அந்த நூலுக்குப் பெயர் கல்வெட்டு. அட்டையில் இறந்தவரின் படம். உள்ளே தேவாரம், வாழ்க்கை வரலாறு, பிள்ளைகள் புலம்பல், மருமக்கள் புலம்பல், நன்றி நவிலல். புலம்பல் பாடல்களை அச்சகத்தார் ஆயத்தமாக வைத்திருப்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வாழ்க்கை வரலாற்றையும் வைத்திருப்பார்கள் என்பது தெரியாது.

"பேரையும் படத்தையும் தாங்கோ சேர். மிச்சம் எங்களிட்டை இருக்கு" என்றார் அச்சகத்தவர்.

அவர் காட்டிய மாதிரியில் இறந்த பெண்மணி அன்பே உருவானவர்; பொறுமையின் இருப்பிடம்; வந்தாரை இன்முகத்தோடு வரவேற்றவர். என் மனைவி இந்த மூன்றில் எதுவுமாக நெடுநேரம் இருந்தவர் அல்லர். ஆகவே நானே எழுதினேன். பிறப்பு, கல்வி, கணித ஆசிரியப் பணி, திருமணம், ஒரே மகள் என்று வழக்கமான பாதையிலேயே சென்ற அந்த வரலாற்றில், ஒரு வசனம் மட்டும் வேறு எவரைப் பற்றியும் எழுத முடியாதது:

"நயினாதீவுப் படகில் ஏறிய அனைவரும் உயிர்காப்பு அங்கி அணியும்வரை அவர் கயிற்றை அவிழ்க்க விடமாட்டார், இதனால் படகோட்டிகள் அவரைக் கண்டதும் ஒளித்துக்கொள்வார்கள்."

அது உண்மை. அவர் நயினாதீவில் பிறந்தவர். தீவுக்குப் படகு புறப்படும் குறிகட்டுவான் இறங்குதுறையில் அவருடைய குரலை அறியாதவர் குறைவு. திருவிழாக் கூட்டத்தில் பூசைத் தட்டோடு நின்றவர்களுக்கும், தீவிலுள்ள பௌத்த விகாரைக்குப் போக வந்த சிங்கள யாத்திரிகர்களுக்கும், மொழி பாராமல், அவரே வார்களை இழுத்து மாட்டிவிட்டிருக்கிறார்.

குழுவில் அந்த வசனம் தீப்பற்றியது. கொழும்பிலுள்ளவர்கள் இது சிரிப்புக்குரியது என்றார்கள். ஜேர்மனியிலுள்ளவர்கள் உறவினர் பட்டியலில் தங்கள் பெயர்கள் வயது வரிசையில் இல்லை என்றார்கள். எவர் எதற்கு மறுப்புத் தெரிவிக்கிறார் என்பதே விளங்காத நிலையில், எனக்குப் பழக்கமான ஒரே ஒழுங்கை நான் பிரேரித்தேன்.

ஓய்வுபெறும்வரை மண்ணியல் ஆய்விதழ் ஒன்றுக்குப் பதிப்பாசிரியராக இருந்தேன். ஆய்விதழில் கட்டுரை வெளியாகும் முறை எளியது. எழுதியவர் அனுப்புவார். பதிப்பாசிரியர் அதே துறை அறிந்த இருவரிடம் அதைக் கொடுப்பார். எழுதியவர் யாரென்று அவர்களுக்கும், அவர்கள் யாரென்று எழுதியவருக்கும் தெரியக்கூடாது. அவர்கள் ஊதியமின்றி, தாமதமாக, சில வேளைகளில் கோபத்தோடு, குறைகளை எழுதுவார்கள். எழுதியவர் ஒவ்வொரு குறைக்கும் நன்றி கூறிப் பதிலளிப்பார். அதன்பின் ஏற்பு, திருத்தத்துடன் ஏற்பு, நிராகரிப்பு என மூன்றில் ஒன்று. இருவரும் முரண்பட்டால் மூன்றாமவர் அழைக்கப்படுவார். இதற்குச் சகமதிப்பீடு என்று பெயர்.

எழுதியவன் நான், ஆகவே பதிப்பாசிரியராக இருப்பது முறையன்று. லண்டனிலிருக்கும் மகளை அப்பதவிக்கு நியமித்தேன்.

"அப்பா, அம்மா செத்து ரெண்டு கிழமை ஆகேல்லை" என்றாள் மகள்.

"அதனால்தான் காலக்கெடு இறுக்கமாக இருக்கிறது" என்றேன்.

அவள் அச்சகத்தின் இறுதி நாளைக் கேட்டுக் குறித்துக்கொண்டாள். பிறகு, "சரி, அனுப்புங்கோ" என்றாள்.

விதிப்படி, அடையாளம் காட்டும் யாவற்றையும் பிரதியிலிருந்து நீக்கினேன். மனைவியின் பெயர், ஊர், பாடசாலை, என் பெயர், மகளின் பெயர் எல்லாம் போயின. எஞ்சியதை வாசித்த மகள் உடனே அழைத்தாள்.

"இப்ப இது ஆரின்ரை கல்வெட்டு அப்பா?"

பதிப்பாசிரியர் ஆசிரியரிடம் அப்படிக் கேட்பது முறையன்று என்று சுட்டிக்காட்டினேன்.

முதலாம் மதிப்பீட்டாளரின் அறிக்கை விரைவில் வந்தது. "மறைந்தவர் தமது தங்கை மீது வைத்திருந்த பாசம் பற்றிய முக்கிய தரவுகள் விடுபட்டுள்ளன. தங்கை டொரொன்டோவிலிருந்து ஞாயிறுதோறும் பேசுவார் என்பதைச் சேர்க்கவும்." மதிப்பீட்டாளர்கள் தங்கள் ஆக்கங்களை மேற்கோள் காட்டும்படி கேட்பது எங்கள் தொழிலின் பழைய நோய். எழுதியவர் என் மைத்துனிதான் என்பதை அறியாதவனாக நன்றி கூறி, அந்த வரியைச் சேர்த்தேன். படகு பற்றி அவருக்கு ஆட்சேபமில்லை.

இரண்டாம் அறிக்கை சுருக்கமானது. "படகு வசனத்துக்கு ஆதாரம் இல்லை. படகோட்டிகள் ஒளித்துக்கொண்டதை நான் காணவில்லை. நானும் எத்தனையோ முறை அந்த லோஞ்சுப் படகிலை இருந்தனான். வசனத்தை எடுக்கவும். எடுக்காவிட்டால் நான் வீட்டுக்கிருத்தியத்துக்கு வரமாட்டன்." இவ்விதமாக இரண்டாம் மதிப்பீட்டாளரின் அடையாளம் பாதுகாக்கப்பட்டது. அவர் மனைவியின் தமையனார்; தென்னிலங்கையில் நெடுங்காலம் கடை நடத்திவிட்டு இப்போது நயினாதீவில் இருப்பவர்.

அந்த ஒரு வசனம் அச்சேறுமா என்பதே எனக்கிருந்த ஒரே கேள்வி. அது நீங்கினால் நூல் பிழையற்றதாக இருக்கும். என் மனைவி அதில் இருக்கமாட்டார். இதை எவரிடமும் சொல்லவில்லை. ஆசிரியர் தமது கட்டுரைக்காக மன்றாடுவதை நான் எக்காலத்திலும் அனுமதித்ததில்லை.

மூன்றாமவர் தேவைப்பட்டார். அவர் உறவினராக இருக்கக்கூடாது. தீவுப்பகுதியில் இந்த நிபந்தனை ஏறத்தாழ நிறைவேற்ற முடியாதது. மகளும் நானும் தொலைபேசியில் இரு மாலைகள் பெயர்களைத் தேடினோம். ஒருவர் மனைவியின் ஒன்றுவிட்ட சகோதரர். இன்னொருவர் சம்பந்தி வழி. வேறொருவர் உறவில்லை, ஆனால் காணி வழக்கில் எதிராளி. கடைசியில் மண்கும்பானில் வசிக்கும் காணி உறுதிகள் எழுதி ஓய்வுபெற்ற நொத்தாரிசு ஒருவர் தேறினார். பிரதியை அவருக்கு மின்னஞ்சலில் அனுப்பும்படி மகளிடம் கூறினேன். அவர் அதை அச்சிட்டு எடுத்துக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்து கதிரையில் அமர்ந்தார்.

"நீங்கள் என்னிடம் வரக்கூடாது" என்றேன். "மதிப்பீட்டாளர் யாரென்று எனக்குத் தெரியக்கூடாது."

"அப்ப நான் வரேல்லை எண்டு வையும்" என்றார் நொத்தாரிசு. "பேரை எல்லாம் எடுத்துப்போட்டு அனுப்பியிருக்கிறீர். எட்டுச்செலவுக்கு உம்மடை வீட்டிலை சாப்பிட்டனான். எனக்கு ஆரெண்டு தெரியாதோ?"

"தெரியாதது போல வாசிக்க வேண்டும்."

"வாசிச்சனான். அதுக்குத்தான் வந்தனான்." அவர் தாளை முழங்காலில் வைத்து நீவினார். "இந்த லோஞ்சுக் கதையை விரலாலை மறைச்சுப்போட்டு வாசிச்சுப் பாத்தன். போன வருசம் என்ரை மனிசிக்கு அடிச்ச கல்வெட்டும் இதுவும் ஒண்டு. ஒரு சொல்லுக்கு மறு சொல் மாறேல்லை. அப்ப எனக்கு எழுத ஏலாமல் இருந்தது, அச்சகத்தானே எழுதிப்போட்டான்."

தேநீர் கொண்டுவந்து வைத்தேன். அவர் குடிக்கவில்லை.

"நிராகரிக்கச் சொல்லி எழுதப்போறன்" என்றார். "முழுக்க. அந்த ஒரு வரியைத் தவிர."

அறிக்கை அன்று மாலையே அந்த வாசகத்தோடு மகளுக்குச் சென்றது. என் நீண்ட பதவிக் காலத்தில் அத்தகைய பரிந்துரை எதுவும் என் மேசைக்கு வந்ததில்லை.

பதிப்பாசிரியரான மகள் தனது தீர்ப்பை எழுத்தில் தந்தாள். படகு வசனம் இருக்கும். ஆயின் இரண்டாம் மதிப்பீட்டாளரின் ஒப்புதல் பெறப்படல் வேண்டும்; அவர் இல்லாமல் வீட்டுக்கிருத்தியம் நடப்பதை அம்மா விரும்பியிருக்கமாட்டார். இது ஒரு தீர்ப்பா அல்லது தீர்ப்பை என் தலையில் கட்டுவதா என்று நான் கேட்கவில்லை.

அச்சகத்தின் கெடுவுக்கு முதல்நாள் மைத்துனர் வந்தார். கதிரையைக் காட்டியும் இருக்கவில்லை.

"மச்சான், நீர் படிச்ச மனிசன். ஊர் சிரிக்கிற மாதிரி ஏன் எழுதிறீர்?"

"சிரித்தால் அவரைப் பார்த்து அல்லவே."

"அவளைப் பாத்து ஆர் சிரிப்பினம்? என்னைப் பாத்தல்லோ சிரிப்பினம்!" அவர் குரல் உயர்ந்தது. "கடைசியாய் அம்மன் கோயில் திருவிழாவுக்கு வரேக்கை நான் ஜக்கெற் போடமாட்டன் எண்டு நிண்டனான். அரை மணித்தியாலம் லோஞ்ச் வெளிக்கிடேல்லை. சனம் முழுக்க என்னைத் திட்டுது. அவள் வந்து, சின்னப்பிள்ளைக்குச் சட்டை போடுற மாதிரி என்ரை கையைப் பிடிச்சுத் தூக்கி மாட்டிவிட்டவள். எழுபத்திநாலு வயசு எனக்கு. எல்லாருக்கும் முன்னாலை."

மதிப்பீட்டாளரின் குறிப்பாக அதையும் தாளில் குறித்துக்கொண்டேன்.

அவர் யன்னலருகே போய் நின்றார். திரும்பாமலே கேட்டார்.

"கட்டாயம் போடப்போறீரோ?"

"ஓம்."

"போடுறதெண்டா அரைகுறையாய்ப் போடாதையும். அனைவரும் எண்டா ஆர்? 'தமையனார் உட்பட' எண்டு போடும்."

மதிப்பீட்டாளருக்கு நன்றி தெரிவித்துத் திருத்தத்தை ஏற்றுக்கொண்டேன். வழக்கமான வாசகம்தான், சொல்லி முடிக்கச் சற்று நேரம் எடுத்தது.

வீட்டுக்கிருத்தியத்தன்று அவர் தாமே வாசலில் நின்று கல்வெட்டுகளைக் கொடுத்தார். வந்தவர்கள் பந்திக்கு இருக்குமுன் பக்கத்தைத் திருப்பி அந்த வரியைக் காட்டினார். சிலர் சிரித்தார்கள். அவர்களுக்கு அவர் முழுக் கதையையும், என்னிடம் சொன்னதைவிட நீளமாக, சொன்னார்.

செய்யாமல் எஞ்சியுள்ளவை:

ஜேர்மனி உறவினரின் வயது வரிசை பற்றிய ஆட்சேபத்துக்குப் பதில் எழுதுதல்.
டொரொன்டோவுக்குப் பிரதிகளைத் தபாலில் சேர்த்தல்.
மனைவியின் தொலைபேசி இலக்கத்தைக் குடும்பக் குழுவிலிருந்து நீக்குதல்.
அவருடைய மூக்குக்கண்ணாடியை என்ன செய்வதென்று முடிவெடுத்தல்.