போதகரின் அங்கி

விழுப்புரம் ரயில்வே ஸ்டேஷன் சாலையில் தையல் கடை வைத்திருந்த தேவசகாயம், 1984 கோடையில் திண்டிவனத்தில் நடந்த கிறிஸ்தவ எழுப்புதல் கூட்டத்துக்குப் போனார். போனது தையல்காரர், திரும்பி வந்தது ஊழியக்காரர்.

அன்று முதல் கடை திறந்ததும் ஒரு ஜெபம். கத்தரிக்கோலைக் கையில் எடுத்தால் ஒரு ஜெபம். ஊசியில் நூல் நுழையாவிட்டால் சாத்தானைக் கடிந்துகொள்ள இன்னொன்று. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் பைபிளை அக்குளில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிடுவார். அதுவரை காஜா போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவி சவுரியம்மாள், வேறு வழியில்லாமல் மெஷினில் உட்கார்ந்தாள். அவளும் ஜெபித்தாள்தான், ஆனால் கால் மெஷினை மிதித்துக்கொண்டிருந்ததால் அதைத் தேவசகாயம் கணக்கில் சேர்க்கவில்லை.

"உனுக்கு உலகக் கவலை ஜாஸ்தி சவுரி. பைபிள்ல வர்ற மார்த்தாள் மாதிரி ஓடிக்கினே இருக்கற. அவ தங்கச்சி மரியாள் மாதிரி ஆண்டவர் காலடியில அமைதியா உக்காரு."

"மரியாள் சாப்ட சோத்த ஆக்குனது மார்த்தாள்தானே? நாளைக்கு நிச்சயதார்த்தம், பொண்ணு ரவிக்க எங்கன்னு அனந்தபுரத்து கிருஷ்ணவேணி அம்மா வந்து கேட்டா நான் இன்னா சொல்றது?"

"ஆண்டவர் நேரத்துல நடக்கும்னு சொல்லு."

கிருஷ்ணவேணி சண்டைக்கே வந்துவிட்டாள். தேவசகாயம் உடனே கண்ணை மூடி, அவளுடைய கோபம் தணிய உரக்க ஜெபித்தார். ஜெபம் பண்ணுகிறவரை எப்படித் திட்டுவது என்று அவள் காத்திருந்தாள். ஆமென் வருவதற்குள் அவளுடைய பஸ் போய்விட்டது.

சபைப் போதகர் அப்பாதுரைக்கோ பெருமை தாங்கவில்லை. "பிழைப்பைப் பின்னால் தள்ளி ஆண்டவரை முன்னால் வைத்த மனுஷன்!" என்று பிரசங்கத்திலேயே புகழ்ந்தார். கிறிஸ்துமஸ் ஆராதனைக்குப் புது அங்கி தைக்க வெள்ளைத் துணியும் அவரிடமே கொடுத்தார். போதகர் அங்கியைத் தானே உபவாசமிருந்து வெட்ட வேண்டும் என்று சொல்லி, சவுரியம்மாளைத் தொடவிடாமல் தேவசகாயம் அதை அலமாரியில் வைத்தார்.

பண்டிகைக்கு முந்தின நாள் காலை போதகரே கடைக்கு வந்தார். துணி கொடுத்த மடிப்பு கலையாமல் இருந்தது.

"இன்னாப்பா இது? நாளைக்கு ஆராதனை!"

"ஊழியத்துல நேரம் கெடைக்கலீங்க ஐயா. உடுப்புக்காகக் கவலைப்படக் கூடாதுன்னு நீங்கதானே போன மாசம் பிரசங்கம் பண்ணீங்க?"

போதகரின் முகம் அந்தத் துணியைவிட வெளுத்தது.

"அது பிரசங்கம்ப்பா! இது என் அங்கி!"

சவுரியம்மாள் எழுந்து துணியை எடுத்தாள். "நேரா நில்லுங்க ஐயா" என்று சொல்லி அளவு நாடாவைப் போதகரின் தோளில் வைத்தாள். சாயங்காலத்துக்குள் அங்கி தயாராகிவிட்டது.

மறுநாள் புது அங்கியில் போதகர் பிரகாசித்தார். உழைப்பும் ஒரு ஜெபமே, ஒப்புக்கொண்ட வேலையை முடிக்காதது பாவம் என்று பிரசங்கித்தார். முழுப் பிரசங்கத்திலும் அவர் கண் மூன்றாம் பெஞ்சை விட்டு நகரவில்லை. சவுரியம்மாளின் பெயரை மட்டும் எங்கேயும் சொல்லவில்லை.

மூன்றாம் பெஞ்சில் இருந்த தேவசகாயத்துக்குச் சுருக்கென்றது. சபையின் பக்தி குளிர்ந்துபோய்விட்டது என்று அறிவித்துவிட்டு, ஜனவரியில் திண்டிவனத்தில் ஒரு புது ஜெபக் கூடத்தில் சேர்ந்தார். அங்கே இருந்த பாஸ்டர் சென்னையில் வாங்கிய ரெடிமேட் சபாரி சூட் போடுகிறவர். இருவருக்கும் கடைசிவரை மனஸ்தாபமே வரவில்லை.

கடை சவுரியம்மாளின் கைக்கு வந்தது. துணி கொண்டு வருகிறவர்கள் முதலில் உள்ளே எட்டிப் பார்ப்பார்கள்.

"அவரு இருக்காரா?"

"இல்லீங்க, திண்டிவனம் போயிருக்காரு."

பிறகுதான் துணியை நீட்டுவார்கள்.