கதவு திறக்காத வண்டி

பொங்கலுக்கு முந்தின ஒரு பிற்பகல். படாளத்தைத் தாண்டிக் கருங்குழிக்குப் போகும் வழியில் எங்கள் கார் நகர முடியாமல் நின்றிருந்தது. முன்னால் ஓர் ஆம்னி பேருந்து, பக்கத்தில் கரும்புக்கட்டு ஏற்றிய மினி லாரி, இடைவெளி கிடைத்த இடமெல்லாம் இருசக்கர வண்டிகள். சென்னையே மொத்தமாக ஊருக்குக் கிளம்பிவிட்டது போலிருந்தது. காரை ஓட்டியவர் என் அண்ணி. பக்கத்து இருக்கையில் நான். காலையில் அம்பாசமுத்திரத்திலிருந்து செய்தி வந்திருந்தது. அண்ணியின் அம்மா கிணற்றடியில் வழுக்கி விழுந்துவிட்டார், மகளைப் பார்க்கவேண்டும் என்று அழுதபடி இருக்கிறார்.

அண்ணிக்குக் குழந்தையிலேயே இளம்பிள்ளை வாதத்தால் இரண்டு கால்களும் போய்விட்டன. கல்பாக்கத்தில், அணு ஆராய்ச்சி வளாகத்தின் வரைபடப் பிரிவில் வேலை. அவருடைய காரில் பிரேக்கும் ஆக்சிலரேட்டரும் ஸ்டியரிங் அருகே ஒரே கைப்பிடியில் இருக்கும். தள்ளினால் நிற்கும், இழுத்தால் ஓடும். சக்கர நாற்காலிக்கும் இருக்கைக்கும் நடுவே ஒரு வழவழப்பான பலகையைப் பாலமாகப் போட்டு, கைகளை ஊன்றி, தானே நகர்ந்து உட்காருவார். பிறகு நாற்காலியை மடித்து உள்ளே இழுத்துக்கொள்வார். என் அண்ணன் உயிரோடு இருந்தவரை அவர்கூட அதில் கைவைத்ததில்லை. அண்ணன் போனபின் கல்பாக்கம் ஊழியர் குடியிருப்பில் அண்ணியும் நானும்தான். நான் பள்ளி ஆசிரியை. ஸ்டியரிங்கைத் தொட்டாலே எனக்கு உள்ளங்கை வியர்த்துவிடும்.

பேருந்தோ ரயிலோ, ஏற்றுவதற்கு அண்ணியை யாராவது தூக்கவேண்டும். ஊரில் இறங்கினால் வாடகைக் காருக்குள் தூக்கி வைக்கவேண்டும், திரும்ப வெளியே எடுக்கவேண்டும். "சப்பரத்துல சாமியத் தூக்குதவனுக்காவது ஒரு பயம் இருக்கும். என்னயத் தூக்குதவனுக்கு அதுவும் கிடையாது" என்று ஒருமுறை சொன்னார். அதனால் எவ்வளவு தூரமானாலும் தன் காரில்தான் போவார். ஆனால் கால் செய்யவேண்டியதையும் கையே செய்து செய்து, இடது தோள் தேய்ந்துபோயிருந்தது. நெடுந்தூரம் ஓட்டவே கூடாது என்று செங்கல்பட்டில் மருத்துவர் சொல்லியிருந்தார். அன்று நாங்கள் அதை மீறித்தான் புறப்பட்டிருந்தோம்.

நெரிசலில் நின்றிருந்தபோது சாலையை ஒட்டிய தண்டவாளத்தில் ஒரு சரக்கு ரயில் தெற்கே போனது. வலைக்கம்பி அடித்த நீளமான பெட்டிகள். உள்ளே புத்தம்புதிய கார்கள் வரிசையாக, கண்ணாடிகளில் வெயில் பட்டு மின்னியபடி போயின.

"ஏட்டி, அங்க பாரு" என்றார் அண்ணி. "ஆளே இல்லாத காரெல்லாம் எவ்வளவு சொகமாப் போவுது. நாம இங்க கெடந்து அல்லாடுதோம்."

சொல்லி முடிப்பதற்குள் முன்னாலிருந்த பேருந்து அசைந்தது. எங்கள் காரும் மெல்ல உருண்டது. அப்போது பேருந்துக்கும் எங்களுக்கும் நடுவே ஒரு மோட்டார் சைக்கிள் நுழைந்தது. பின்னிருக்கையில் ஒரு பெண், அவள் இடுப்பில் குழந்தை. அண்ணி கைப்பிடியைத் தள்ளுவதற்காகத் தோளை முன்னே கொண்டுபோனதைப் பார்த்தேன். கை போகவில்லை. "கை வரல, கை வரல" என்றார். அந்தக் குழந்தையின் கால் கொலுசு எங்கள் முகப்பு விளக்குக்கு மிக அருகில் இருந்தது. நான் இரண்டு கைகளாலும் இருக்கைகளுக்கு நடுவிலிருந்த ஹேண்ட் பிரேக்கைப் பிடித்து இழுத்தேன். கார் குலுங்கி நின்றது. அந்தப் பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, எதுவும் தெரியாமல் போய்விட்டாள். பின்னால் ஹாரன்கள் அலறின. அண்ணி ஸ்டியரிங்மேல் நெற்றியை வைத்து வெகுநேரம் நிமிரவில்லை. கருங்குழியில் ஒரு டாக்சி ஓட்டுநரைப் பிடித்து, காரைத் திருப்பி வீடு வந்தோம். அவருடைய அம்மா அந்த முறை பிழைத்துக்கொண்டார். அந்தப் பொங்கலுக்கு நாங்கள் ஊர் போகவில்லை.

தன் காரைத் தன்னோடு அதே ரயிலில் ஏற்றிக்கொண்டு போக முடிந்தால் என்ன என்ற கேள்வி அன்றுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. முன்னால் படுக்கைப் பெட்டிகள், பின்னால் கார்ப் பெட்டிகள். செங்கல்பட்டில் ஏற்றினால் திருநெல்வேலியில் இறக்கி, தானே ஓட்டி அம்மாவின் வாசலில் போய் நிற்கலாம். மாலைகளில் மேசைமேல் பெட்டிகளையும் கார் ஏறும் சாய்தளத்தையும் வரைந்துகொண்டே இருப்பார். வெளிநாடுகளில் இப்படி ஓடுகிறது என்று படித்துச் சொல்வார். மறைமலைநகர்ப் பக்கம் கணினி நிறுவனத்தில் வேலை செய்த ஒருவர் இதைக் கேள்விப்பட்டு வந்தார். பண்டிகைக்குப் பண்டிகை மதுரைவரை காரோட்டிக் களைத்துப்போன குடும்பத்தலைவர். தன் அடுக்குமாடிக் குடியிருப்பில் பலரை ஆதரவுக்குத் திரட்டினார். செங்கல்பட்டில் ரயில்வே நடத்திய பயணிகள் குறைகேட்புக் கூட்டத்தில் அண்ணி பேசினார்.

அந்த மண்டபத்தில் முதல் எதிர்ப்பு அதிகாரிகளிடமிருந்து வரவில்லை. மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு குப்பத்திலிருந்து மீன் விற்க வரும் அம்மாள் ஒருவர் எழுந்தார். கூடையோடு மின்சார ரயிலில் ஏறினால் இறக்கிவிடுகிறார்கள் என்று முறையிட வந்தவர்.

"இன்னா சார் ஞாயம் இது? என் கூடைய வெக்க எடமில்லன்றீங்க. இவங்க காரு வெக்க எடங் கேக்கறாங்க, குறிச்சிக்கினு கீறீங்க!"

மண்டபம் கைதட்டியது. கணினிக்காரர் கோபமாக எழப் போனார். அண்ணி அவர் கையைப் பிடித்து உட்காரவைத்தார்.

"அக்கா, ஒங்க கூடைய நீங்க தூக்கிருவீங்க" என்றார் அண்ணி. "என்னய யாரு தூக்க?"

மீன்கார அம்மாள் அப்போதுதான் சக்கர நாற்காலியைக் கவனித்தார் போலும். பிறகு, "அப்பிடி சொல்லு. என் கூடையும் போவணும், உன் காரும் போவணும்" என்று சொல்லி உட்கார்ந்தார்.

கூட்டத்துக்கு வந்திருந்த அதிகாரி இளகிய மனம் உள்ளவர். புதுக் கார்களை ரயிலில் ஏற்றும் ஒரு முனையத்தில் பேசி, காலிப் பெட்டி ஒன்றில் சோதனைக்கு ஏற்பாடு செய்தார். காரை எங்கள் ஆள் ஏற்றட்டும், நீங்கள் பாருங்கள் என்றார். அண்ணி சம்மதிக்கவில்லை. "எங்காரு என் கைக்குத்தான் கேக்கும்."

சித்திரை வெயில். சாய்தளத்தின் இரண்டு பலகைகளிலும் சக்கரங்களைப் பொருத்தி, அண்ணி அங்குலம் அங்குலமாக ஏறினார். இடது தோள் நடுங்குவது கீழே நின்ற எனக்குத் தெரிந்தது. கார் பெட்டிக்குள் முழுதாக நுழைந்ததும் எல்லாரும் கைதட்டினார்கள். கணினிக்காரர் படம் எடுத்தார். உள்ளே புகை சேரும் என்று எஞ்சினை அணைக்கச் சொன்னார்கள். அணைத்தார். சக்கரங்களுக்குச் சங்கிலி மாட்டினார்கள்.

"சரிம்மா, இறங்கி வாங்க" என்றார் அதிகாரி.

அண்ணி கதவைத் திறந்தார். ஒரு சாண்கூடத் திறக்கவில்லை, பெட்டியின் இரும்புச் சுவரில் இடித்து நின்றது. அங்கே காரேற்றும் ஓட்டுநர்கள் உடம்பை ஒடுக்கி அந்த இடுக்கில் நழுவி வெளியே வந்துவிடுவார்கள். காலிருக்கிறவர்களுக்கு அது போதும். பலகை போடவும் நாற்காலி விரிக்கவும் அங்கே இடமே இல்லை. அத்தனை நாள் வரைந்தவருக்கு அது எப்படித் தோன்றாமல் போனது என்று பின்னாளில் பலர் கேட்டார்கள். அவர் வரைந்த பெட்டியில் சுவரே கிடையாது என்பது எனக்குத் தெரியும்.

பின்னால் எடுத்து இறங்கிவிடலாம் என்றால், கார் ஏறும்போது சாய்தளப் பலகை ஒன்றின் கொக்கி விட்டுச் சாய்ந்திருந்தது. அதைத் தூக்கி நிறுத்த ஜாக்கி வரவேண்டும், முனையத்தின் மறுகோடியிலிருந்து. பெட்டி உலைபோலக் காய்ந்தது. பயண நாட்களில் கழிவறைக்குப் பயந்து அண்ணி தண்ணீர் குடிக்கமாட்டார். அன்றும் குடித்திருக்கவில்லை. இரண்டு சுமைதூக்குபவர்கள் காரின் பின்புறம் மேல்நோக்கித் திறக்கும் பின்கதவு வழியாகத் தூக்கிவிடுகிறோம் என்று ஏறினார்கள்.

"வேண்டாம்" என்று உள்ளிருந்து குரல் வந்தது. "யாரும் தொடக் கூடாது."

"மேடம், மயக்கம் வந்துடும், பிடிவாதம் பண்ணாதீங்க" என்று கணினிக்காரர் கெஞ்சினார். நானும் கெஞ்சினேன். அண்ணியின் உதடுகள் வெளுத்திருந்தன.

அப்போது, வேடிக்கை பார்க்க வந்திருந்த மீன்கார அம்மாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிக்குள் ஏறினார். காரின் பின்கதவைத் திறந்து, தண்ணீர்ப் பாட்டிலோடு உள்ளே தவழ்ந்து போனார். அவர்கள் பேசியது எனக்குக் கேட்டது.

"இன்னாமா, உள்ளியே குடித்தனம் பண்ணப் போறியா?"

"வெளிய வர வழியில்லக்கா."

"நான் தூக்கறேன். கூடை தூக்கற கை இது, கீழ வுட மாட்டேன்."

"நீங்க விட மாட்டீங்க. எனக்குத்தான் வேண்டாம்."

பாட்டில் மூடியைத் திருகும் சத்தம் கேட்டது. "சரி. இந்தா, தண்ணியக் குடி. நீ எறங்கற வரிக்கும் நானும் இங்கியே குந்திக்கினு கீறேன்."

ஜாக்கி வந்து, பலகை நிமிர்ந்து, சங்கிலி கழற்றும்வரை இருவரும் அந்த இரும்பு வெக்கையில் இருந்தார்கள். பின்னால் எடுக்கும்போது, "அப்பிடியே வா, சோத்தாங்கை பக்கம் ஒடி, மெதுவா, மெதுவா" என்று அந்த அம்மாள்தான் பின்கதவிலிருந்து கத்தி வழிசொன்னார். தரை தொட்டதும் அண்ணி கதவை முழுதாகத் திறந்துவைத்து, கண்ணை மூடி மூச்சு வாங்கினார்.

அதிகாரி அருகில் வந்து குனிந்தார். "அம்மா, மத்தவங்களுக்கு இந்தப் பெட்டியே போதும். இருக்கிற பெட்டியை வெச்சே ஒரு வண்டி விடலாம்னு இன்னைக்கே பரிந்துரை பண்ண முடியும். உங்க வசதிக்குப் பெட்டியை மாத்தணும்னா அது எப்போ நடக்கும்னு என்னால சொல்ல முடியாது. கேட்டது நீங்க. நீங்களே சொல்லுங்க."

கணினிக்காரரும் அவரோடு வந்தவர்களும் அண்ணியின் முகத்தையே பார்த்தார்கள்.

"கதவு தொறக்கணும், சார்" என்றார் அண்ணி. "அது இல்லாம அனுப்பாதீங்க."

"ஒருத்தருக்காக இத்தனை குடும்பம் காத்திருக்கணுமா, மேடம்?" கணினிக்காரர் முன்னால் வந்து கேட்டார். "ரோட்டுல சாகறோமே!"

"நானும் அதே ரோட்டுலதான் தம்பி போறேன்" என்றார் அண்ணி. "என்னய விட்டுட்டுப் போற வண்டிக்கு நானே கொடி அசைக்கணுமா?"

பரிந்துரை அவருடைய நிபந்தனையோடு போனது. பதில் வரவில்லை. கணினிக்காரர் அதன்பின் எங்களிடம் பேசவில்லை. அண்ணி சுயநலக்காரி என்று எங்கள் குடியிருப்பிலேயே சிலர் சொன்னார்கள். அது சரிதானோ என்று நானும் சில இரவுகள் விழித்துக்கிடந்து யோசித்திருக்கிறேன். அண்ணியிடம் கேட்டதில்லை. கார் ஏற்றும் பயணிகள் ரயில் இன்றும் எங்கள் வழியாக ஓடவில்லை. பணி ஓய்வு பெற்ற பின்னும் அண்ணி ஒவ்வொரு கூட்டத்துக்கும் போகிறார். இப்போது கடற்கரைச் சாலையில் சதுரங்கப்பட்டினம்வரைதான் ஓட்டுகிறார். அதற்குமேல் தோள் விடுவதில்லை.

சோதனைக்கு அடுத்து வந்த ஆடியில் அவருடைய அம்மா இறந்தார். ரயிலில் போனோம். செங்கல்பட்டில் இருவர் தூக்கி ஏற்றினார்கள், திருநெல்வேலியில் இருவர் இறக்கினார்கள். வீட்டு வாசலில், கூடியிருந்த அத்தனை பேர் முன்னிலும், அவருடைய அத்தை மகன்கள் வாடகைக் காரிலிருந்து அண்ணியைத் தூக்கிக்கொண்டு உடலருகே போனார்கள். சேலை விலகியது. சரிசெய்ய அவருக்குக் கை எட்டவில்லை. அழுகைக்கு நடுவில் அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்ததை நான் ஒருத்திதான் பார்த்திருப்பேன்.

திரும்பி வந்த வாரத்தில் அந்த அதிகாரி தொலைபேசியில் அழைத்தார். மாற்றலாகிப் போகிறாராம். போவதற்கு முன் பழைய பெட்டியையே வைத்துப் பரிந்துரையை மாற்றி அனுப்ப ஒரு வாய்ப்பு இருக்கிறது, யோசித்தீர்களா என்று கேட்டார். அம்மாவின் சாவுச்செய்தி அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. அண்ணி சொன்னார். அவர் வருந்தினார். நான் அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். வீட்டுக்குள் இன்னும் பயணப்பை பிரிக்கப்படாமல் கிடந்தது. ஒரு நொடி, சரி என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"எங்க அம்மயப் பாக்கப் போறதுக்குத்தான் சார் எனக்கு அவசரம் இருந்துச்சு" என்றார் அண்ணி. "இப்ப அந்த அவசரமும் இல்ல. கதவு தொறக்குத வண்டி வரட்டும். நான் இருக்கேன்."