வியாழக்கிழமை ஜோடி

எங்கள் அலுவலகத்தில் யாருக்கு எந்த நாள் எந்த வேலை என்று எழுத வேண்டி வந்தால், அது தேர்தல் வேலையோ கார்த்திகை தீபத்து வேலையோ, கடைசியில் தாள் என் மேஜைக்குத்தான் வரும். “அந்தம்மா போட்டா ஓரவஞ்சனை இருக்காதுங்க” என்பார்கள். ஓய்வு பெறுகிற வரைக்கும் இந்தப் பேச்சு என்னை விடவில்லை. ஒவ்வொரு தடவை அதைக் கேட்கும்போதும் எனக்கு முகம் சுருங்கும். அடக்கம் என்று நினைத்துக்கொள்வார்கள். அடக்கத்துக்கும் எனக்கும் வெகு தூரம்.

மாவட்டம் பிரிந்தபோது வேலூரிலிருந்து எனக்கும் என் சிநேகிதிக்கும் ஒரே தாளில் மாற்றல் வந்தது. அவள் டைப்பிஸ்ட், நான் இளநிலை உதவியாளர். ஒரே பஸ்ஸில் வந்து இறங்கினோம். முதல் எட்டு மாதம் செங்கம் ரோட்டில் ஒரே அறையில் வாடகைக்கு இருந்தோம், ஒரே டிபன் பாக்ஸில் சாப்பிட்டோம். வெடுக்கென்று பேசுவது என் வழக்கம். நான் யாரையாவது கடித்துவிட்டு வந்தால், அவள் பின்னாலேயே போய்ச் சிரித்துச் சமாதானம் பண்ணிவிட்டு வருவாள். பிறகு இரண்டு பேருக்கும் கல்யாணமாகி, வேங்கிக்கால் பக்கம் குவார்ட்டர்ஸில் அடுத்தடுத்த பிளாக்கில் வீடும் கிடைத்தது.

குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் ஒரு வெற்று மைதானம். அதில் இரண்டு கம்பம் நட்டு, நடுவில் வலை கட்டி, சாயங்காலம் ரிங் பால் ஆட ஆரம்பித்தோம். ரப்பர் வளையத்தைக் கீழே விழாமல் பிடித்து எதிர்ப்பக்கம் வீசவேண்டும், அவ்வளவுதான் ஆட்டம். பக்கத்துக்கு ஒரு ஜோடியாக மாறி மாறி இறங்குவோம். எட்டுப் பெண்கள். பாதிப் பேர் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் வீட்டில் இருக்கிறவர்கள். ஆபீஸ் விட்டு வந்து, மலைக்குப் பின்னால் வெளிச்சம் போய் வளையம் கண்ணுக்குத் தெரியாமல் ஆகிறவரை ஆடுவோம். அந்த ஒரு மணி நேரம் யாருக்கும் யாரும் பெண்டாட்டியோ மருமகளோ இல்லை.

தகராறு ஜோடி சேர்வதில் வந்தது. நன்றாக ஆடுகிறவர்கள் ஒருவரையொருவர் இழுத்துக்கொள்வார்கள். தினமும் கடைசியாக மிஞ்சி நிற்பது என் சிநேகிதிதான். அப்போது அவள் மோசமாக ஆடவில்லை. ஜெயிக்கவேண்டும் என்ற வெறி கம்மி, அவ்வளவுதான். ஒரு நாள் திரும்பி நடந்து வரும்போது சொன்னாள்.

“கடைசியா நிக்கறப்ப உடம்பு கூசுதுடி. நீ கணக்குல புலியாச்சே. எதனா பண்ணேன்.”

அன்றைக்கே சமையலறைத் தரையில் எட்டுப் புளியங்கொட்டையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நாலு நாலாக இரண்டு வரிசை. எதிரெதிரே இருக்கிற கொட்டைகள் அன்றைய ஜோடி. ஒரு மூலையில் உள்ள கொட்டையை மட்டும் அசைக்காமல், மற்ற ஏழையும் தினம் ஓர் இடம் தள்ளிச் சுற்றினால், ஏழு நாளில் எல்லோருக்கும் எல்லோரும் ஒரே ஒரு தடவை ஜோடியாக வந்துவிடுகிறார்கள். எட்டுப் பேரில் இருபத்தெட்டு ஜோடி. நாளைக்கு நாலு ஜோடியாக ஏழு நாளைக்கு இருபத்தெட்டு. மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. எனக்கு வந்த சந்தோஷத்தில் அடுப்பில் இருந்த பால் பொங்கி வழிந்தது கூடத் தெரியவில்லை.

ஆளுக்கு ஒரு நம்பர் கொடுத்து, அட்டவணையை மீட்டர் பெட்டிக் கதவில் ஒட்டினேன். அசையாத ஒன்றாம் நம்பரை எனக்கே எடுத்துக்கொண்டேன். அவளுக்கு எட்டு. மலையைச் சுற்றிக் கிரிவலம் வருகிற இந்த ஊரில் இதற்கு ஒரு கேலி தயாராக இருந்தது. “நீ மலை மாதிரி நின்னுக்க. நாங்க சுத்தி வர்றோம்” என்றாள். அதிலிருந்து எனக்கு மலை என்றே பெயர். சுற்றி வருகிறவர்கள் எல்லோரும் ஒரு தடவை மலைக்கு எதிரே வந்து நின்றுதானே ஆகவேண்டும்? அவளும் வாரத்தில் ஒரு நாள் வந்து நின்றாள். அந்த வருஷம் யாரும் கடைசியாக மிஞ்சி நிற்கவில்லை.

அடுத்த வருஷம் இரண்டு பேர் மாற்றலில் போய், புதிதாக இரண்டு பேர் வந்தார்கள். ஒருத்தி காலேஜ் டீமில் ஆடியவள், நெடுநெடுவென்று உயரம். அவளுக்கு மூன்றாம் நம்பர். இன்னொருவர் எங்களைவிட மூத்த முஸ்லிம் அம்மா. அவருடைய கணவர் கருவூலத்தில் வேலை. அதிகம் பேசமாட்டார். அவருக்கு ஆறு. புது அட்டவணை போடவேண்டி வந்தது.

இதற்குள் என் சிநேகிதியின் ஆட்டம் கெட்டுப்போயிருந்தது. நேராகக் கைக்கு வருகிற வளையத்தையே நழுவ விடுவாள். விட்டுவிட்டுச் சிரிப்பாள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும். அட்டவணையின் பின்பக்கம் யார் எத்தனை ஆட்டம் ஜெயித்தார்கள் என்று பென்சிலில் கோடு போட்டு வைப்பேன். அவளோடு ஆடுகிற நாளில் மட்டும் எனக்குக் கோடு விழாது. சொன்னால் வெட்கம், மற்றக் கோடுகளைவிட அந்த விழாத கோடுகள்தான் என் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தன.

புது அட்டவணையில் வியாழக்கிழமை வரிசை இப்படி வந்தது: ஒன்றும் எட்டும், இரண்டும் ஏழும், மூன்றும் ஆறும், நாலும் ஐந்தும். பேனா கையில் இருந்தது. ஒன்றும் மூன்றும், ஆறும் எட்டும் என்று எழுதினேன். ஒரே ஒரு மாற்றம். எனக்கு வாரத்தில் இரண்டு நாள் உயரக்காரி கிடைத்தாள். ஆறாம் நம்பர் அக்காவுக்கு இரண்டு நாள் என் சிநேகிதி போனாள். எனக்கும் அவளுக்கும் ஜோடியே இல்லாமல் போயிற்று. தாளைக் கொண்டுபோய் மீட்டர் பெட்டிக் கதவில் ஒட்டினேன்.

இரண்டு மாதம் கழித்து, டிபன் சாப்பிடும்போது கேட்டாள்.

“ஏன்டி, நமக்குள்ள ஜோடியே வரமாட்டேங்குதே?”

“எட்டு பேருக்கு ஏழு நாள்தானே இருக்கு. ஒரு ஜோடி விட்டுத்தான் போவும். கணக்கு அப்படித்தான் வருது” என்றேன்.

“அப்படியா” என்று சொல்லிவிட்டு, அவள் பங்கு உருளைக்கிழங்கை வழக்கம்போல் என் பக்கம் தள்ளினாள். நானும் சாப்பிட்டேன்.

கார்த்திகை வந்தது. தீபத்துக்கு வெளியூர் பஸ்களை நிறுத்த எங்கள் மைதானத்தைக் கேட்டுவிட்டார்கள். வலையைக் கழற்றிச் சுருட்டி என் வீட்டுப் பரணில் போட்டோம். பத்து நாளுக்கு ஆட்டம் இல்லை. அந்த நாட்களில்தான் அவள், வலது கை மரத்துப்போகிறது, டைப் அடிக்கும்போது விரல் எந்த எழுத்தில் இருக்கிறது என்றே தெரியவில்லை, வேலூருக்குப் போய்க் காட்டிவிட்டு வருகிறேன் என்றாள். எவ்வளவு நாளாக என்று கேட்டேன். சித்திரையிலிருந்து என்றாள். நான் புது அட்டவணை போட்டது வைகாசியில்.

பஸ் ஏறுவதற்கு முன்னால் சிரித்துக்கொண்டே சொன்னாள். “தீபம் முடிஞ்சதும் வந்துடுவேன். அதுக்குள்ள வேற சார்ட் போட்டு வை. ஒரு நாளாவது உன்கூட வர்ற மாதிரி போடு மலை.”

போடுகிறேன் என்றேன்.

தலைக்குள் கட்டி என்றார்கள். அங்கேயே சேர்த்துக்கொண்டு ஆபரேஷன் செய்தார்கள். தீபம் முடிந்த ஐந்தாம் நாள் அவளைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். மைதானத்தில் அப்போதும் நாலைந்து பஸ் நின்றிருந்தது. அவள் வீட்டு வாசலுக்கு வண்டி வர வழியில்லாமல் டிரைவர்களைத் தேடி எழுப்பி, பஸ்களை நகர்த்தச் சொல்லவேண்டியிருந்தது. அன்றைக்கு நான் அழுத அழுகையைக் குவார்ட்டர்ஸே பார்த்தது. எல்லோரும் என்னைத்தான் தேற்றினார்கள். அவள் புருஷன்கூட என்னைத்தான் தேற்றினார்.

காரியமெல்லாம் முடிந்து, மார்கழி பாதியில், மறுபடி ஆடலாம் என்று ஒருத்தி பேச்செடுத்தாள். வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்தால் பைத்தியம் பிடித்துவிடும்போல் இருந்தது எல்லோருக்கும். நான் அன்றைக்கே ஏழு பேருக்குப் புது அட்டவணை போட்டுவிட்டேன். தினம் ஒருத்திக்கு ஓய்வு வருகிற மாதிரி, சுத்தமான அட்டவணை. அவளுக்காக அழுத ஈரம் காயவில்லை. அதற்குள் எனக்குப் பழைய தாள் அந்தக் கதவிலிருந்து போய்விடவேண்டும் என்று அவசரம். இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

மறுநாள் சாயங்காலம் தாளை எடுத்து நீட்டினேன். ஆறாம் நம்பர் அக்கா அதை வாங்கவில்லை. அவர் அவ்வளவு பேசி நாங்கள் கேட்டதே கிடையாது.

“வேணாம்மா. அவங்க நம்பரை எடுக்க வேணாம். பழைய சார்ட்டே இருக்கட்டும். யாருக்கு அன்னைக்கு அவங்க ஜோடியோ, அவங்க ஆடாம உக்காந்துக்கலாம். அவங்களோட உக்காந்த மாதிரி இருக்கும்.”

எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றார்கள். நானும் சரி என்றேன். வேறென்ன சொல்வது?

திங்கட்கிழமை இரண்டாம் நம்பர் தண்ணீர்த்தொட்டி மேடையில் போய் உட்கார்ந்தாள். செவ்வாய்க்கிழமை ஆறாம் நம்பர் அக்கா. புதன்கிழமை ஐந்தாம் நம்பர். உட்கார்கிறவள் மேடையில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்காருவாள். யாரும் சொல்லி வைக்கவில்லை, அதுவாக வந்த பழக்கம். மற்ற ஆறு பேரும் ஆடுவோம். வியாழக்கிழமை மறுபடியும் ஆறாம் நம்பர் அக்கா எழுந்து போனார். வெள்ளி, சனி, ஞாயிறு வேறு மூன்று பேர். நான் ஏழு நாளும் ஆடினேன். வளையத்தைப் பிடித்துப் பிடித்து என் கை வீங்கிப்போயிற்று. எல்லோருக்கும் அவளோடு உட்கார ஒரு நாள் இருந்தது. நான் எழுதிய தாளில் எனக்கு மட்டும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை வலையைத் தளர்த்தும்போது உயரக்காரிதான் கேட்டாள். அவளிடம் கள்ளம் எதுவும் கிடையாது. “அக்கா, உங்களுக்கு ரெஸ்ட்டே வரலையே? ஆறாம் நம்பர் அக்காவுக்கு ரெண்டு நாள் வருது.”

கணக்கு அப்படித்தான் வருகிறது என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த வாக்கியம் எனக்குத் தெரிந்த வாக்கியம், முன்பே ஒரு தடவை சொன்னது. வரவில்லை. ஆறாம் நம்பர் அக்கா வளையத்தை எடுத்துக்கொண்டு, “நேரமாச்சு, கெளம்பலாம்” என்று அவளை அனுப்பிவிட்டார்.

நாங்கள் இரண்டு பேர் மட்டும் நடந்தோம். எங்கள் பிளாக் வந்ததும் அவர் மாடிப்படிக்குக் கீழே நின்றார்.

“எனக்கு மூணாம் நம்பர் வரவே இல்ல, எட்டாம் நம்பர் அவங்க ரெண்டு தடவ வர்றாங்க. அப்பவே வெரல் விட்டு எண்ணிப் பாத்தேம்மா. இருபத்தெட்டு ஜோடியும் ஏழு நாள்ல சரியா அடங்குது, எதுவும் விட்டுப்போக வேணாம். அவங்க கை மரத்துப்போறது எனக்குத் தெரியும், பக்கத்துல நின்னு ஆடறவளுக்குத் தெரியாதா? அதனால எனக்கு ஜாஸ்தி வந்தா வரட்டும்னு விட்டுட்டேன். ஆனா அவங்ககிட்ட ஒரு நாள் சொன்னேன், சார்ட் தப்பா இருக்குன்னு.”

அவள் என்ன சொன்னாள் என்று கேட்டேன்.

“நம்பலம்மா. ‘அவ போட்டா தப்பு வராதுக்கா, நாமதான் சரியா எண்ணல’னு சொல்லிச் சிரிச்சாங்க.”

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். மற்றவர்களிடம் சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் என் தோளைத் தொட்டு, “வியாழக்கிழமை உங்க நாளுதானே. நீங்க உக்காந்துக்கங்க” என்று சொல்லிவிட்டு மாடி ஏறிப் போனார்.

அந்த வியாழக்கிழமை மற்ற ஆறு பேரும் ஜோடி சேர்ந்துகொண்டு வலைப்பக்கம் போனார்கள். உயரக்காரி ஒன்றும் கேட்காமல் ஆறாம் நம்பர் அக்காவோடு நின்றாள். நான் மேடையில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். அவளிடம் சொல்வதற்கு ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். தப்பு நான்தான் போட்டேன்டி, நீ சரியாகத்தான் எண்ணினாய் என்று. எத்தனை தடவை சொன்னாலும் அவள் நம்பப்போவதில்லை.