புதன்கிழமை ஊசியும் அரை மாத்திரையும்

வாங்க வருகிற எல்லோருக்கும் விற்கிறவனைவிடச் சரக்கைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கும் தொழில் ஒன்று உண்டென்றால் அது மருந்துக் கடைதான். கவுண்டருக்கு உட்பக்கம் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெளிப்பக்கம் நின்றவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டை ஒட்டி என் கடை. தொண்ணூறுகளின் கடைசி வருஷங்கள். புதன்கிழமை கைப்பிள்ளைகளுக்கு கக்குவான் இருமல், தொண்டை அடைப்பான், ரண ஜன்னி மூன்றுக்கும் சேர்த்து முத்தடுப்பு ஊசி போடுகிற நாள். காலையில் ஊசி, சாயங்காலம் காய்ச்சல், ஆறு மணிக்கு என் கடையில் கூட்டம். எல்லோருக்கும் ஒரே கேள்வி: ஊசி போட்ட பிள்ளைக்கு வலி மாத்திரை, காய்ச்சல் மருந்து கொடுக்கலாமா, கூடாதா? பதிலும் ஒன்றுதான். ஒரு நாள், இரண்டு நாள் உடம்பு காயும், தொடை வீங்கும். காய்ச்சல் அடித்து, பிள்ளை அழுதால், எடைக்குத் தக்க அளவில் குழந்தைகளுக்கான சிரப். காய்ச்சல் இல்லையென்றால் ஒன்றும் வேண்டாம். இதைச் சொல்ல அரை நிமிஷம் ஆகாது. அந்த அரை நிமிஷத்தைச் செலவழிக்காமல் ஒரு பிள்ளையை நான் படுத்திய பாட்டைத்தான் எழுதப் போகிறேன். அதற்கு முன் சில்லறை விஷயம் இரண்டு.

முன்கூட்டியே ஒரு மூடி

ஒரு புதன்கிழமை, கடையைத் திறந்து ஊதுபத்தி கொளுத்தவில்லை, ஒரு பெண் வந்துவிட்டாள். இடுப்பில் பிள்ளை. காய்ச்சல் சிரப் வேண்டும். "பிள்ளைக்குக் காய்ச்சலா?" என்றேன். "இல்ல. இனிமேத்தான் ஊசி போடப் போறேன். ஒரு மூடி ஊத்தி விட்டுட்டுப் போனா வராதுல்லா?" என்றாள். வராத காய்ச்சலுக்கு மருந்து கொடுக்காதே, வந்தால் கொடு என்றேன்.

அவள் நகரவில்லை. தீப்பெட்டி ஆபீசில் குச்சி அடுக்குகிற வேலை. வேலை நேரத்தில் பிள்ளை மரத்தடித் தொட்டிலில் கிடக்கும். அது அழுதால் இவள் எழுந்து போக வேண்டும், எழுந்து போனால் கணக்கப்பிள்ளை கத்துவான். புதன்கிழமை ஊசி என்றால் வியாழக்கிழமை அழுகை. ஆகவே மருந்து பிள்ளையின் காய்ச்சலுக்கு இல்லை, கணக்கப்பிள்ளையின் வாய்க்கு. எனக்கு இது புரியாமல் இல்லை. புரிந்துகொண்டு என்ன செய்ய? மறுபடியும் முடியாது என்றேன். பிள்ளையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு சொன்னாள்:

"அப்ப வியாழக்கெழம எனக்குப் பதிலா நீங்க வந்து குச்சி அடுக்குவியளா, அண்ணாச்சி?"

படித்தவர் சந்தேகம்

காலில் ஆணி ஏறி, தடுப்பூசி போட்டுக்கொண்டு வந்தார் ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். கை கடுகடு என்று வலிக்கிறதாம். மாத்திரை போட்டால் ஊசியின் சக்தி குறைந்துவிடுமா என்று கேட்டார். "வலி பொறுக்கலைன்னா ஒண்ணு போடுங்க. பொறுத்தா சும்மா இருங்க" என்றேன். திருப்தியில்லை. டீக்கடையில் கேட்டார். சைக்கிள் கடையில் கேட்டார். எல்லோரும் வேறு வேறு சொன்னார்கள் என்று திரும்பி வந்து என்னிடம் புகார் செய்தார். "அப்ப மெஜாரிட்டி எதுவோ அதச் செய்யுங்க" என்றேன். முறைத்துக்கொண்டு போனார்.

நான்காம் நாள் வந்தார். மாத்திரை போடவில்லை, வலி தானாகவே போய்விட்டது. நல்லது என்றேன். அவர் முகத்தில் நல்லது எதுவும் தெரியவில்லை. கவுண்டரில் கையை ஊன்றிக் குனிந்து, ரகசியம் போலக் கேட்டார்:

"காய்ச்சலும் வரல, வலியும் தங்கல. ஒருவேள வெறுந்தண்ணியப் போட்டு அனுப்பிட்டானோ?"

இரண்டு கால் துண்டு

இனிதான் விஷயம். பேச்சியம்மாள் எட்டயபுரம் ரோட்டில் ஒரு ஊர்க்காரி. தீப்பெட்டி ஆபீசில் அவளும் குச்சி அடுக்குகிறவள்தான். தலைப்பிள்ளை, பெண். பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குப் போனதில் ஊசி தள்ளிப்போய், மூன்று மாசத்தில்தான் முதல் ஊசி. புதன்கிழமை சாயங்காலம் பிள்ளையோடு ஓடி வந்தாள். நெற்றியைத் தொட்டேன், சுட்டது. சிரப்பை எடுத்தேன். "சிரப்பு தங்காது அண்ணாச்சி, கக்கிப்புடுதா. மாத்திரையாத் தாங்க, பால்ல கரைச்சுப் பொகட்டிருதேன்" என்றாள். பின்னால் பத்துப் பேர். ரோட்டில் அவள் பஸ் ஹாரன் அடிக்கிறது.

கையருகே ஒரு அட்டை கிடந்தது. அப்போது புதிதாக வந்து, பெரியவர்கள் காய்ச்சலுக்கும் மேல்வலிக்கும் கேட்டுக் கேட்டு வாங்கிக்கொண்டிருந்த மாத்திரை. குழந்தைக்கு ஆகாது என்று எனக்குத் தெரியும். கால் துண்டு என்ன செய்துவிடும் என்றும் தோன்றியது. ஒன்றை அரையாக வெட்டி, அரையைக் காலாக உடைத்து, இரண்டு துண்டையும் பேப்பரில் மடித்துக் கொடுத்தேன். எங்கள் தொழிலில் அப்படித்தான்: கத்தரிக்கோல், பழைய பேப்பர், பெயர் கிடையாது. பிள்ளை எத்தனை கிலோ என்று கேட்கவில்லை. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று சொல்லவில்லை. "குடு, சரியாயிரும்" என்றேன். இரண்டு சொல்லில் முடிக்கிறவன் என்று எனக்கு அப்போது கொஞ்சம் பெருமைகூட உண்டு. பஸ் படியில் ஏறிக்கொண்டே திரும்பிச் சொன்னாள்:

"நீங்க குடுத்துட்டியள்ல, இனிமே எனக்குப் பயமில்ல!"

நர்ஸம்மா வந்தார்

அடுத்த வாரம் அந்தப் பகுதி கிராம நர்ஸம்மா கடைக்கு வந்தார். வழக்கமாகப் பஞ்சு வாங்க வருவார். அன்று வாங்கவில்லை. பேச்சியம்மாள் ஒரு துண்டைக் கரைத்துக் கொடுத்திருக்கிறாள். அழுகை நிற்கவில்லை. ஒரு மணி நேரத்தில் இன்னொன்று. பொழுது விடிகையில் பிள்ளை சில்லென்று கிடந்திருக்கிறது. கையைத் தூக்கினால் தொப்பென்று விழுகிறது. பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கி ஓடி, டிரிப் ஏற்றி, நான்காம் நாள்தான் கண் விழித்துப் பார்த்திருக்கிறது. டாக்டர் என்ன மாத்திரை என்று கேட்டால் அவள் வெறும் பேப்பரைக் காட்டியிருக்கிறாள்.

ஊரில் யாரும் மாத்திரையைச் சொல்லவில்லை. ஊசியால்தான் என்று முடிவு கட்டிவிட்டார்கள். "அண்ணாச்சி, உங்க கடையிலதான் வாங்கினாளாம். என்ன மாத்திரை?" என்றார் நர்ஸம்மா. "காய்ச்சல் மாத்திரைதான். கூட்டத்துல ஞாபகமில்ல" என்றேன். ஞாபகம் இருந்தது. லைசென்சும் ஞாபகம் வந்தது.  அவர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு சொன்னார்:

"ரெண்டாவது ஊசிக்கு அந்தப் பிள்ளையக் கூப்பிடப் போனா எனக்கு வெளக்குமாத்தடிதான். அந்தத் தெருவுல இனி ஒருத்தியும் பிள்ளை தொடையக் காட்ட மாட்டா."

சாகுல் கேட்டது

சாகுல் ஹமீது என்னோடு பதினைந்து வருஷம் கவுண்டரில் நின்றவர். என்னைவிட நான்கு வயது இளையவர், நாற்பது மடங்கு பேசுவார். நான் அந்த அட்டையை வெட்டியதை அவர் பார்த்திருக்கிறார். நர்ஸம்மா போனதும், "ஊசி மேல பழி போகுது. நீங்க போய் ஒரு வார்த்தை சொல்லிருங்க" என்றார். நாளைக்கு என்றேன். அடுத்த புதன்கிழமை வந்தது. கடையில் சரக்கு இறக்க வேண்டியிருந்தது. அதற்கடுத்த புதன்கிழமை மழை. இரண்டாவது ஊசி போட வேண்டிய நாளும் போய்விட்டது. அதற்குள் அந்தப் பக்கம் கக்குவான் இருமல் பரவுவதாகப் பேச்சு. இருமல் மருந்து கேட்டு வந்தவர்களே சொன்னார்கள்.

நான் பில் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சாகுல் அதைப் பிடுங்கி மூடி வைத்தார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தரம்தான்:

"வாயத் திறக்கறதுக்கும் டாக்டர் சீட்டு எழுதித் தரணுமா, அண்ணாச்சி?"

போய்ச் சொன்னேன்

மறுநாள் பஸ் ஏறினேன். முந்தின நாள் மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. செருப்பு அடிக்கு அடி கனத்தது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். பேச்சியம்மாள் வீட்டு வாசலுக்குப் போவதற்கு முன்பே அந்தச் சத்தம் கேட்டது. இருமி, இருமி, மூச்சு அறுந்து, பிறகு கூவென்று ஒரு இழுப்பு. கக்குவானை ஒரு தரம் கேட்டவன் மறக்க மாட்டான். அவள் மடியில் பிள்ளை. முகம் நீலம் பாய்ந்திருந்தது.

நின்றபடியே சொல்லிவிட்டேன். ஊசியால் இல்லை, நான் கொடுத்த மாத்திரையால்தான், அது பெரியாட்களுக்கானது, குழந்தைக்குக் கொடுக்கக் கூடாதது, தெரிந்தேதான் கொடுத்தேன், இடைவெளியும் சொல்லவில்லை. அவள் புருஷன் சட்டைக் காலரைப் பிடித்தான். மாமியார்க்காரி மண்ணை வாரித் தூற்றினாள். பேச்சியம்மாள் "வண்டி பிடிங்க" என்றாள், அவ்வளவுதான். ஒரு வேன் பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம்.

பிள்ளை பிழைத்தது. மூன்று வாரம் ஆனது. தினமும் போனேன். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, நானும் அதை எதிர்பார்க்கவில்லை. இடையில் நர்ஸம்மா என்னை அந்தத் தெருவுக்குக் கூட்டிப்போய் நடுவில் நிறுத்தினார். பேச்சியம்மாள் வீட்டில் சொன்னதையே அங்கே எல்லோர் முன்னாலும் சொன்னேன். சில பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஊசிக்கு வந்தார்கள். சில பேர் ஊசியும் வேண்டாம், உன் கடையும் வேண்டாம் என்றார்கள். வீட்டுக்கு அனுப்பிய அன்று ஆஸ்பத்திரி வராந்தாவில் பேச்சியம்மாள் பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அவளிடம் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். சாதாரணமாகத்தான் சொன்னாள்:

"இத நீங்க ஒரு மாசம் முந்தியே சொல்லியிருந்தியன்னா, நான் ரெண்டாவது ஊசியப் போட்டிருப்பேனே அண்ணாச்சி."

அதன் பிறகு கடை நடத்திய வருஷங்களில், ஊசிக் காய்ச்சலுக்கு எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை மணி இடைவெளி, எது கூடவே கூடாது என்று கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் விடாமல் சொன்னேன்; 'மருந்து வாங்கப் போனா இந்த மனுஷன் பேசியே கொல்லுதாரு' என்று கோவில்பட்டியில் எனக்குப் பெயர் கிடைத்தது.